வில்லுக்கத்தி வந்த வழி



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் முற்பகலில், ஒன்பதாந் தரத்து வகுப்பாசிரியை என் அறைக்குள் வந்து, சிறு கத்தி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். சிவப்பு நிறக் கைப்பிடி; அதன்மேல் ஒரு கேடயம்; கேடயத்தின் நடுவே வெண்ணிறச் சிலுவை. மடக்கிய நிலையில் அதன் நீளம் ஒரு சுட்டுவிரலின் நீளமே. ஆசிரியையின் பின்னால் தலைகுனிந்தபடி ஒரு மாணவன் நின்றான். பாடசாலைக்குக் கத்தி கொண்டுவரலாகாது என்பது விதி. அவ்விதியை நடைமுறைப்படுத்த வேண்டியவன் அதிபராகிய நான்.

“சேர், இது ஆயுதம் இல்லை. மாமா சுவிசிலிருந்து கொண்டுவந்து தந்தவர். வாங்கிலே கழன்ற திருகாணியைப் பூட்டத்தான் எடுத்தனான்” என்றான் அவன்.

வகுப்பறைக்குச் சென்று பார்த்தேன். மாதக் கணக்காக ஆடிக்கொண்டிருந்த அந்த வாங்கு உறுதியாக நின்றது. பையன் சொன்னது மெய், விதியும் மெய். கத்தியை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, தாயாரை அழைத்துவரும்படி கூறி அவனை அனுப்பினேன். அன்று மாலை, யாவரும் வீடு சென்ற பின், அதனை வெளியே எடுத்து ஒவ்வோர் அலகாக விரித்துப் பார்த்தேன். வரலாறு கற்பித்தவன் ஆதலால், இப்பொருள் எங்கிருந்து, எவர் கையால், எத்தேவை பற்றித் தோன்றியது என்ற வினா என்னுள் எழுந்தது. அன்று தொட்டுப் படித்தறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

முதற்கண் பெயரை நோக்குவோம். மடக்குக் கத்தியை நம்மவர் வில்லுக்கத்தி என்பர். இஃது ஆழ்ந்த பொருளுடைய பெயர். கைப்பிடியின் முதுகுப்புறமாக ஓடும் மெல்லிய உருக்குத் தகடே இங்கு வில் எனப்படுவது. அலகின் அடிப்பாகம் தட்டையான பக்கங்கள் உடையதாகத் தேய்க்கப்பட்டிருக்கும். வில் அத்தட்டையான பக்கத்தை அழுத்தி நிற்பதனாலேயே, விரித்த அலகு விரித்தபடியும், மடக்கிய அலகு மடக்கியபடியும் இருக்கின்றன. இவ்வழுத்தம் இல்லையேல் கத்தி, பயன்படுத்துவோன் விரலையே பதம் பார்க்கும். பிற்காலத்தில் ஒரு கைவினைஞன் உலகப் புகழ் எய்தியதும் இந்த வில்லைக் கையாண்ட திறத்தினாலேயே என்பதைப் பின்னர்க் காண்போம்.

மற்றொரு பெயர் பேனாக்கத்தி. ஐரோப்பியர் பறவையின் இறகைச் சீவிக் கூராக்கி, மையில் தோய்த்து எழுதிய காலத்தில், அவ்விறகைச் சீவுவதற்கென வைத்திருந்த சிறு கத்தியே அது. இறகு மறைந்து உலோக முனை வந்த பின்னரும் பெயர் மட்டும் எஞ்சிநின்றது.

எழுத்தும் கத்தியும் இணைந்த இக்கதை நமக்குப் புதிதன்று. ஓலையில் எழுதிய நம் முன்னோர், ஓலையை வாரவும் நறுக்கவும் ஒரு கத்தியும், எழுதுவதற்குக் கூரிய ஆணி ஒன்றும் வேண்டியவராயிருந்தனர். இரண்டையும் ஒரே கருவியின் இரு முனைகளில் அமைத்தனர். அவ்விரண்டும் நடுப்பிடிக்குள் மடங்குமாறு செய்யப்பட்டது மடக்கெழுத்தாணி எனப் பெயர் பெற்றது. மடியிற் செருகினாலும் உடலிற் குத்தாது. வேண்டியபோது விரித்தால் இரு தொழிலும் செய்யும். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் தேடித்தேடி அச்சேற்றிய நூல்களெல்லாம் ஒரு காலத்தில் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதப்பட்டவையே. ஆகவே ஒரு பிடிக்குள் பல கருவி என்னும் எண்ணம் மேல்நாட்டாருக்கே உரியது என எவரும் கருத வேண்டியதில்லை.

மேல்நாட்டிலும் அவ்வெண்ணம் மிகப் பழையது. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலுள்ள பிற்சுவில்லியம் அரும்பொருளகத்தில் உரோமர் காலத்துக் கருவி ஒன்று உள்ளது. கிறித்துவுக்குப் பின் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்படும் அது வெள்ளியாலானது. அதன் அலகு மட்டும் இரும்பு. கரண்டி, முள், கூர்முனை, தட்டைக் கோல், சிறு குத்தி, கத்தி ஆகியன அதில் மடங்கிக் கிடக்கின்றன. வெள்ளியிற் செய்வித்தவன் செல்வனாயிருந்திருப்பான். மடங்கச் செய்வித்தமையால் அடிக்கடி வழிநடந்தவனாகவும் இருந்திருப்பான் என ஊகிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழிலின் தலைநகராக விளங்கியது இங்கிலாந்தின் செபீல்ட் நகரம். அங்கு யோசப் றொட்ஜர்ஸ் என்னும் நிறுவனத்தார் 1822ஆம் ஆண்டில் ஒரு விந்தை செய்தனர். அவ்வாண்டின் எண்ணுக்கு ஒப்ப 1,822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியை ஆக்கி, ஆண்டுகள் செல்லச்செல்ல அலகுகளையும் கூட்டிக்கொண்டு போகத் திட்டமிட்டனர். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த மாபெருங் கண்காட்சிக்கு அதே நிறுவனத்தார் 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட பெருங்கத்தி ஒன்றைச் செய்து வைத்தனர். இவை தொழிலாளரின் கைத்திறனுக்குச் சான்றுகள்; ஐயமில்லை. ஆனால் இவற்றைச் சட்டைப்பையில் இட்டு நடக்க எவராலும் இயலாது. கருவிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகக் கத்தி காட்சிப்பொருளாகிவிடும் என்பதை இவை அன்றே காட்டிவிட்டன.

இனிச் சுவிற்சர்லாந்துக்குச் செல்வோம். இன்று செல்வத்தாற் சிறந்து விளங்கும் அந்நாட்டின் நடுமலைப் பகுதிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமைப்பட்ட நிலமாக இருந்தன. பிழைப்புக்கு வழியின்றி மக்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அந்நிலையில், தொப்பி செய்வோர் ஒருவரின் மகனாக 1860ஆம் ஆண்டில் பிறந்த கார்ல் எல்சனர் என்பவர், கத்தித் தொழில் கற்று, பாரிசிலும் தென் யேர்மனியின் துற்லிங்கன் நகரிலும் பயிற்சி பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 1884ஆம் ஆண்டு, சுவீற்ஸ் மாநிலத்து இபாக் என்னும் சிற்றூரில் ஓர் ஓடைக் கரையிற் பட்டறை அமைத்தார். ஓடைநீர் சுழற்றிய சக்கரமே அவருடைய சாணைக் கற்களைச் சுழற்றியது. அவர் செய்த கத்திகளை விற்பதில் தாயார் விக்ரோறியா துணைநின்றார்.

அக்காலத்தில் சுவிசுப் படையினருக்கு ஒரு புதிய தேவை ஏற்பட்டது. 1889ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட புதுத் துவக்கைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். தகரத்தில் அடைத்து வந்த உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இவற்றோடு அலகும் குத்தூசியும் சேர்த்து, கறுத்த ஓக்கு மரப் பிடியுடன் ஒரு கத்தியைப் படையினர் வரையறுத்தனர். ஆயின் அதனைப் பெருந்தொகையாகச் செய்து கொடுக்க வல்ல தொழிற்சாலை ஒன்றேனும் அன்று அந்நாட்டில் இல்லை. எனவே முதல் 15,000 கத்திகள் யேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன.

தன் நாட்டுப் படைவீரன் தன் பையிலிருந்து எடுப்பது அயல்நாட்டுக் கத்தி என்பது எல்சனரின் உள்ளத்தை உறுத்தியது. உள்ளூரிற் செய்தால் ஊரவர் சிலரேனும் கப்பலேறாது வீட்டிலிருப்பர் என்பது அவர் எண்ணம். நாட்டின் கத்தித் தொழிலாளரை ஒரு சங்கமாகத் திரட்டி, 1891ஆம் ஆண்டில் படைக்கு வேண்டிய கத்திகளைத் தாமே வழங்க முற்பட்டார். ஆனால் இயந்திரங்களாற் செய்த சோலிங்கன் கத்தியின் விலைக்கு அவர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. நட்டம் வந்தது. சங்கத்தவர் ஒருவர்பின் ஒருவராக விலகினர். எல்சனர் மட்டும் விடவில்லை. கடன் கழுத்தளவு ஏறி, தொழிலே முறியும் நிலை வந்தபோது, உறவினர் கைகொடுத்துக் காத்தனர்.

அவ்விடரின் நடுவிலேயே அவருடைய அறிவு வழி கண்டது. படைவீரன் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அலுவலர்களுக்கு ஏற்ற இலேசான, அழகிய கத்தி ஒன்றை அவர் எண்ணினார். பிடியின் இருபுறத்தும் கருவிகளை அமைத்து, இரண்டே விற்கள் ஆறு கருவிகளையும் தாங்குமாறு செய்தார். பெரிய அலகு, தகரந் திறக்குங் கருவி, திருப்புளி, குத்தூசி ஆகியவற்றோடு இரண்டாவதாக ஒரு சிற்றலகும் தக்கை திருகியும் சேர்ந்தன. 1897ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் அவ்வமைப்பு சட்டப்படி பதிவாயிற்று. படைத்துறை அதனை வீரர்க்கு வழங்கும் பொருளாக ஏற்கவில்லை. அலுவலர்களோ தம் சொந்தப் பணத்திற் கடைகளில் வாங்கினர். இன்று உலகெங்கும் ‘சுவிசுப் படைக் கத்தி’ என வழங்குவது இவ்வாறு படை ஏற்காத கத்தியின் வழித்தோன்றலே என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை.

1909ஆம் ஆண்டில் தாயார் மறைந்தபோது, எல்சனர் அவருடைய பெயரையே தம் தொழிலகத்துக்குச் சூட்டினார். சிலுவை பொறித்த கேடயச் சின்னமும் அக்காலத்தது. எல்சனர் 1918ஆம் ஆண்டில் மறைந்தார். இதற்கிடையே, 1913ஆம் ஆண்டில், செபீல்ட் நகரத்து ஹரி பிறியேர்லி என்பவர் துருவேறாத உருக்கை ஆக்கிக் காட்டியிருந்தார். பிரெஞ்சு மொழியில் அவ்வுருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்னுஞ் சொல், 1921ஆம் ஆண்டில் தாயின் பெயரோடு இணைந்தது. ‘விக்ரோறினொக்ஸ்’ என்னும் பெயர் பிறந்தது. பழைய இரும்புக் கத்தியால் மாங்காய் வெட்டிக் கறுத்துப்போன அலகைக் கண்டோரும், உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் வாழ்வோரும், இம்மாற்றத்தின் பெருமையை எளிதில் உணர்வர்.

அந்நாட்டின் பிரெஞ்சு மொழி வழங்கும் யூரா மலைப்பகுதியிலும் ஒரு கத்தித் தொழிலகம் இருந்தது. பிற்காலத்தில் வெங்கர் எனப் பெயர் பெற்றது அதுவே. ஒரு பகுதியாருக்கே வாய்ப்பு அளித்தால் மற்றப் பகுதியார் மனம் நோவர் என்பதை உணர்ந்த அரசு, 1908ஆம் ஆண்டு முதல் படைக்கு வேண்டிய கத்திகளைச் சரிபாதியாகப் பிரித்து இரு தொழிலகங்களிடமும் வாங்கிற்று. பல மொழி பேசுவோர் ஒரு நாட்டில் வாழும்போது, சட்டைப்பைக் கத்தியிலுங்கூடப் பங்கீடு நேர்மையாக அமைதல் வேண்டும் என்பதை அவ்வரசு அறிந்திருந்தது. இவ்விரு தொழிலகங்களும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் போட்டியிட்டு வாழ்ந்து, 2005ஆம் ஆண்டில் ஒன்றாயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் இக்கத்தியைப் பெருந்தொகையாக வாங்கித் தாய்நாடு கொண்டுசென்றனர். அதன் யேர்மன் பெயர் அவர்கள் நாவிற்கு எளிதில் வரவில்லை. எனவே ‘சுவிசுப் படைக் கத்தி’ என்றே அழைத்தனர், அப்பெயரே நிலைத்தது. அமெரிக்க விண்வெளி வீரரும் அதனைத் தம்முடன் எடுத்துச் சென்றனர். 1995ஆம் ஆண்டு, கிறிஸ் ஹட்பீல்ட் என்னும் கனடா நாட்டு வீரர், மீர் என்ற உருசிய விண்நிலையத்தினுள் நுழைவதற்குத் தடையாயிருந்த கட்டுகளை அறுத்துத் திறக்கச் சட்டைப்பைக் கத்தியையே பயன்படுத்தினார்.

நம் நாட்டுக்கு அது வந்த வழி வேறு. 1980களிலிருந்து ஈழத்தமிழர் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்தில் குடியேறினர். ஒரு காலத்தில் தன் மக்களைக் கப்பலேற்றி அனுப்பிய நாடு, நம் மக்களுக்குப் புகலிடமாயிற்று. அவர்கள் ஊருக்கு வரும்போது இனிப்புப் பெட்டியோடு இச்சிவப்புக் கத்தியும் வந்தது. என் மேசைமேல் இருந்த கத்தியும் அவ்வழி வந்ததே.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 1975ஆம் ஆண்டு ரிம் லெதர்மன் என்னும் அமெரிக்கர், மனைவியுடன் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி பழுதானது. விடுதிகளில் நீர்க்குழாய்கள் ஒழுகின. அவர் பையிலிருந்த சாரணர் கத்தி பலவற்றுக்குப் பயன்பட்டது. ஆனால் எதையும் பற்றித் திருகக் குறடு இல்லை. ஊர் திரும்பியதும் குறட்டை நடுவாக வைத்து மற்றக் கருவிகளை அதன் பிடிகளுக்குள் மடக்கும் ஓர் அமைப்பை உருவாக்கினார். கத்தி செய்வோர், இது கத்தியன்று, வேலைக்கருவி என்று மறுத்தனர். வேலைக்கருவி செய்வோர், இது விளையாட்டுப் பொருள் என்று மறுத்தனர். எட்டு ஆண்டுக்காலம் உழைத்து, 1983ஆம் ஆண்டில் நண்பர் ஒருவரோடு தாமே தொழில் தொடங்கினார். முதலாண்டில் 4,000 விற்றாற் போதும் என்றிருந்தவருக்கு, ஏறத்தாழ 30,000 விற்றன. எல்சனரைப் போலவே, தம் கையில் இல்லாத ஒன்றைத் தாமே செய்துகொண்டவர் இவர்.

நிற்க. இவ்வரலாற்றை அறிந்த ஒருவர், நாள்தோறும் தம்முடன் வைத்திருக்க ஒரு கத்தியைத் தெரிவு செய்ய வேண்டின், எவற்றை நோக்க வேண்டும்?

முதலாவது, கடைக்குச் செல்லுமுன் தம் கையை நோக்க வேண்டும். சென்ற ஒரு வாரத்தில் அக்கை எதனை வெட்டியது, எதனைத் திருகியது, எதனைத் திறந்தது என எண்ணிப் பார்த்தால், வேண்டிய கருவிகள் நாலைந்துக்கு மேற் போகமாட்டா. வெங்கர் தொழிலகத்தார் 2006ஆம் ஆண்டில் 87 கருவிகள் கொண்ட கத்தி ஒன்றைச் செய்து உலகச் சாதனை படைத்தனர். செபீல்ட் கத்தியின் தம்பி அது. அதனையும் எவரும் பையில் இட்டதில்லை. கடிதம் பிரிக்கவும் நூல் அறுக்கவும் 58 மில்லிமீற்றர் நீளமுள்ள சிறு கத்தியே போதும். வீட்டிலும் வயலிலும் பலவாறு பயன்பட 91 மில்லிமீற்றர் நீளமானது ஏற்றது. மின்தொழில், இயந்திரத் தொழில் செய்வோர்க்குக் குறடு நடுவாக அமைந்ததே உதவும்.

இரண்டாவது, உருக்கு. மிகக் கடினமான உருக்கு நெடுநாள் கூராயிருக்கும். ஆனால் மழுங்கியபின் தீட்டுதல் அரிது. நெம்பினால் விளிம்பு உதிரும். சற்று மென்மையான உருக்கு விரைவில் மழுங்கும். வீட்டுக் கல்லில் நான்கு இழுப்பில் மீண்டும் கூராகும். சுவிசுக் கத்தியின் உருக்கு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. தீட்டத் தெரிந்தவர்க்கு அது நட்டமன்று.

மூன்றாவது, வில்லும் பூட்டும். வில் மட்டும் உள்ள கத்தியால் வெட்டலாம், குத்தலாகாது, குத்தினால் அலகு விரல்மேல் மடங்கும். பூட்டுள்ள கத்தியில் அந்த இடர் குறைவு. ஆயின் சில நாடுகளின் சட்டம் பூட்டுள்ளதை வேறாகக் கருதுகின்றது. பிரித்தானியாவில், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டற்ற மடக்குக் கத்தியைப் பொதுவிடத்தில் வைத்திருக்கக் காரணம் காட்ட வேண்டியதில்லை. பூட்டுள்ளதற்குத் தக்க காரணம் காட்டல் வேண்டும். அயல்நாட்டு உறவினருக்குப் பரிசளிப்போர் இதனை மறத்தலாகாது.

நான்காவது, பேணல். பழம் வெட்டியபின் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இடைக்கிடை மூட்டுகளில் ஒரு துளி எண்ணெய் இடுதல் வேண்டும். இவ்வளவே செய்தால், தந்தை வாங்கிய கத்தி மகனுக்கும் பயன்படும்.

ஆனால், நேயர்களே, கத்தியின் வரலாற்றில் இவற்றினும் பெரிய வினா ஒன்று நம் காலத்தில் எழுந்துள்ளது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், வானூர்திப் பயணிகள் எவரும் கைப்பையில் கத்தி கொண்டுசெல்லலாகாது எனத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் இக்கத்தியின் விற்பனை அற்றது. மொத்த விற்பனையும் பெருமளவு வீழ்ந்தது. எல்சனர் குடும்பத்தார் அப்போதும் தொழிலாளரை விலக்கவில்லை. சிலரை அயலிலுள்ள பிற தொழிலகங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பிக் காத்தனர். ஊரவர்க்கு வேலை வேண்டும் என்பதற்காகவே தோன்றிய தொழிலகம் அல்லவா! பின்னர் 2024ஆம் ஆண்டில், கத்தி பற்றிய சட்டங்கள் பல நாடுகளில் இறுகி வருதலைக் கண்டு, அலகே இல்லாத கருவிகளை உருவாக்கி வருவதாக அவர்கள் அறிவித்தனர். அலகில்லாத வில்லுக்கத்தி! எழுத்தாணியும் இறகும் ஈன்ற கருவி, தன் பிறப்புக்குக் காரணமான அலகையே துறக்க வேண்டிய காலம் வந்தது.

என் மேசைமுன் நின்ற மாணவனும் நானும் எதிர்கொண்டது இதே வினாவைத்தான். அவன் கையில் அது கருவி. ஆயிரம் பிள்ளைகள் கூடும் ஓரிடத்தில், எவர் கைக்கு அது எப்போது மாறும் என எவர் அறிவார்? நாமோ கத்தியினும் கொடியவற்றைக் கண்ட நாட்டில் வாழ்பவர்கள். விதி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விதியைக் காப்பதற்காக, கழன்ற திருகாணியைக் கண்டால் பூட்டத் துடிக்கும் ஒரு கையை ஒடுக்கிவிடுவேனோ என்ற அச்சம் எனக்கு அன்று இருந்தது.

மறுநாள் தாயார் வந்தார். கத்தியை அவரிடம் ஒப்படைத்து, வீட்டில் வைத்துக்கொள்ளும்படி கூறினேன். “தம்பி, நீர் செய்தது நல்ல வேலை, செய்த இடம் பிழை” என்று பையனிடம் சொன்னேன். இபாக் ஊர்க் கைவினைஞனின் கதையையும் சுருக்கமாகக் கூறினேன். அவன் தலை மெல்ல நிமிர்ந்தது. அன்று பிற்பகல் கடைத்தெருவில் மரப்பிடித் திருப்புளி ஒன்று வாங்கி வந்து அலுவலகத்தில் வைத்து, வாங்குகளைப் பார்த்துச் செப்பனிடும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதனை எடுத்துச் செல்வான். வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பி வைப்பான். அவன் பாடசாலையை விட்டுச் சென்றபோது எங்கள் வாங்குகளில் ஒன்றேனும் ஆடவில்லை.